மல்டிமீடியா டிகிரியில் என்ன படிக்கிறோம்? ஒரு பழைய சிடியை வைத்துச் சில குறிப்புகள்

போன வாரம் அக்கா மகள் போன் பண்ணினாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "மாமா, பி.எஸ்சி. மல்டிமீடியா எடுக்கலாம்னு இருக்கேன். அப்பா வேண்டாங்காங்க. நீங்க அதைத்தானே படிச்சீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள். பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "மாப்ளகிட்டயே கேளு. மூணு மாசத்துல கத்துக்கிடுத சாஃப்ட்வேருக்கு எதுக்கு மூணு வருசம் பீஸ் கட்டணும்?"

நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

நான் 2006-ல் சேர்ந்து 2009-ல் முடித்தேன். அதற்கப்புறம் எடிட்டிங், இ-லேர்னிங் என்று இதே துறையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த மூன்று வருடத்தில் உருப்படியாக என்ன படித்தேன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. அன்று ராத்திரி பரணில் இருந்த பெட்டியை இறக்கி, கடைசி செமஸ்டர் புராஜக்ட் சிடியைத் தேடி எடுத்தேன். மேலே மார்க்கரில் 'கருப்பட்டி' என்று என் கையெழுத்து. இந்தக் கட்டுரை அந்த சிடியைத் திறக்க முயன்றபோது தெரிந்துகொண்டவை.

முதலில், என்ன படிப்பு இது?

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்குப் பல பெயர்கள். விஷுவல் கம்யூனிகேஷன் (விஸ்காம்), மல்டிமீடியா, அனிமேஷன், எலக்ட்ரானிக் மீடியா என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமானதுதான். விஸ்காமில் சினிமா, விளம்பரம், தகவல் தொடர்பியல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மல்டிமீடியாவில் கம்ப்யூட்டர், அனிமேஷன், வெப் டிசைன் தூக்கலாக இருக்கும்.

கலை அறிவியல் கல்லூரிப் படிப்பு என்பதால் மற்ற பி.எஸ்சி. போலத்தான் அமைப்பு. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும். அப்புறம் சுற்றுச்சூழல் கல்வி, என்.எஸ்.எஸ். மாதிரி விஷயங்கள். ஆறு செமஸ்டர். எங்கள் கல்லூரியில் எழுத்துத் தாளுக்கு 25 மதிப்பெண் உள்ளே, 75 வெளியே.

முதல் வருடம் பென்சிலும் சார்ட் பேப்பரும்தான். கம்ப்யூட்டரில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்துப் போனால், நிழலோடு ஒரு தம்ளரை வரையச் சொன்னார்கள். கூடவே வண்ணக் கோட்பாடு, எழுத்துரு, தகவல் தொடர்பு அறிமுகம். இரண்டாம் வருடம் போட்டோகிராஃபி, ஸ்கிரிப்ட் எழுதுவது, ஒலிப்பதிவு, 2டி அனிமேஷன். மூன்றாம் வருடம் வீடியோ, 3டி, வெப் டிசைன், கடைசியில் புராஜக்ட். டார்க் ரூம் ஒன்று இருந்தது. மூன்று வருடமும் பூட்டியே இருந்தது.

என் புராஜக்ட் பனங்கருப்பட்டி பற்றிய ஓர் இன்டராக்டிவ் சிடி. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர். என் ஆச்சி சின்ன வயதில் விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற குடிசையில், நாள் முழுக்க நின்றவள். மரத்திலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சுவது பெண்கள் வேலை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது ஏன் (தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும்), பதம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது, சிரட்டையில் எப்போது ஊற்றுவது என்று அவள் சொல்லச் சொல்ல, டிபார்ட்மென்ட்டின் மினிடிவி கேமராவில் பதிவு செய்தேன். அதிலிருந்து 12 நிமிடக் குரலை எடுத்து, படங்களோடு சேர்த்து, ஃபிளாஷில் செய்து முடித்தேன். ஆச்சி 2012-ல் போய்ச் சேர்ந்தாள். அவள் குரல் என்னிடம் இருப்பது அந்த சிடியில் மட்டும்தான்.

சிடி திறந்தது, பக்கம் திறக்கவில்லை

இரவல் வாங்கிய சிடி டிரைவில் போட்டேன். நல்லவேளை, சிடி படித்தது. உள்ளே ஒரு வெப் பக்கம், ஒரு ஃபிளாஷ் கோப்பு, சில டெக்ஸ்ட் கோப்புகள். பக்கத்தைக் கிளிக் செய்தால் வெள்ளைத் திரை. எதிர்பார்த்ததுதான்.

ஃபிளாஷின் கதை சுருக்கமாக: 1996-ல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்ற பெயரில் வந்த சின்ன மென்பொருள் அது. மேக்ரோமீடியா அதை வாங்கி ஃபிளாஷ் என்று பெயர் மாற்றியது. 2005-ல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. நாங்கள் படித்த காலத்தில் இணையத்தில் அசைகிற எல்லாமே ஃபிளாஷ். விளையாட்டு, விளம்பரம், வாழ்த்து அட்டை, வீடியோ பிளேயர் எல்லாம். "ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் தெரிஞ்சா வேலை நிச்சயம்" என்று சொல்லித்தான் மூன்றாம் வருடத்தின் பாதியை அதில் செலவழித்தோம். நான் பட்டம் வாங்கிய அடுத்த வருடம், 2010 ஏப்ரலில், ஐபோனில் ஃபிளாஷை ஏன் அனுமதிக்க மாட்டோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதினார். 2017-ல் அடோபி நாள் குறித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பழைய ஃபிளாஷ் பிளேயர் வைத்திருந்தாலும் அது எதையும் ஓட்ட மறுத்தது. இரண்டாம் வருடத்தில் படித்த டைரக்டர் என்ற மென்பொருளின் விற்பனையும், அதன் லிங்கோ மொழியோடு, 2017-ல் நின்றுபோனது.

ஆக, அத்தான் சொன்னதில் ஒரு பாதி உண்மை. நாங்கள் மாங்கு மாங்கென்று கற்ற மென்பொருள்கள் செத்துப்போயின. அதற்காகத்தான் பீஸ் கட்டினோம் என்றால், அது வீண்.

பாடப் புத்தகமும் பழசாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'அசையாத படங்கள் ஏன் அசைவதாகத் தெரிகின்றன?' என்பது எங்களுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. 'விழித்திரையில் ஒரு பிம்பம் சிறிது நேரம் தங்குகிறது, அடுத்த பிம்பம் அதோடு கலக்கிறது' என்று எழுதினால் முழு மதிப்பெண். 1824-ல் பீட்டர் மார்க் ரோஜே எழுதிய கட்டுரையையும் துணைக்குச் சேர்ப்போம். அந்தக் கட்டுரையை வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அது இடைவெளி வழியாகப் பார்க்கும்போது சக்கரத்தின் ஆரங்கள் வளைந்து தெரிவதைப் பற்றியது, சினிமாவைப் பற்றியது அல்ல. பிம்பங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தங்கினால் நமக்குக் குழம்பிய படம்தான் தெரியும், அசைவு தெரியாது. அசைவை மூளைதான் கட்டமைக்கிறது என்று 1912-லேயே மாக்ஸ் வெர்தைமர் சோதனைகள் செய்து எழுதிவிட்டார். 1993-ல் ஜோசப் ஆண்டர்சன், பார்பரா ஆண்டர்சன் இருவரும் இந்தத் தவறான விளக்கம் திரைப்படக் கல்வியை விட்டுப் போகாமல் இருப்பதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்கள். நான் அதற்குப் பதினாறு வருடம் கழித்துத் தேர்வு எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

மிஞ்சியது: ஒரு ஃபிரேமின் கணக்கு

அப்படியானால் எது மிஞ்சியது? எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது ஒரே ஒரு வகுப்பு. வீடியோ சொல்லிக்கொடுத்த சார் போர்டில் ஒரு கணக்குப் போட்டார். மூன்று வருடத்தில் அவர் மென்பொருள் எதையும் தொடாமல் எடுத்த ஒரே வகுப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்போது நம் ஊர் டிவியின் முறைக்கு 'பால்' என்று பெயர் (குடிக்கிற பால் இல்லை). அதில் ஒரு ஃபிரேம் 720க்கு 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக ஒரு ஃபிரேமுக்கு 12,44,160 பைட். விநாடிக்கு 25 ஃபிரேம். அதாவது ஒரு விநாடி வீடியோ ஏறக்குறைய 31 எம்பி. ஒரு சிடியில் 700 எம்பி பிடிக்கும். "அப்போ ஒரு சிடியில எவ்வளவு நேரம் படம் பார்க்கலாம்?" என்று கேட்டார். வகுத்துப் பார்த்தால் 22 விநாடிதான் வந்தது. "நீங்க பர்மா பஜார்ல வாங்குற விசிடியில ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுதே, எப்படி?"

அந்த 'எப்படி'தான் கம்ப்ரெஷன். படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள வெளிச்ச மாற்றத்தை, மெதுவாக மாறும் அலைகள், வேகமாக மாறும் அலைகள் என்று பிரித்து எழுதுகிறார்கள். வானம் மாதிரி ஒரே சீரான இடத்தில் மெதுவான அலைகளே போதும். வேகமான நுணுக்கங்களை நம் கண் அவ்வளவாகக் கவனிக்காது என்பதால் அவற்றைத் துணிந்து குறைக்கிறார்கள். வீடியோ என்றால் இன்னொரு மிச்சமும் உண்டு. ஒருவர் பனை ஏறுகிறார் என்று வையுங்கள். பின்னாலிருக்கும் வானம் அடுத்த ஃபிரேமிலும் அதே வானம்தான். மாறின பகுதியை மட்டும் எழுதினால் போதும்.

இந்த அலைகளாகப் பிரிக்கும் முறைக்கு டிசிடி என்று பெயர். அதைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் 1940-ல் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, 1972-ல் இதை ஆராய நிதி கேட்டு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. இருந்தும் விடாமல் தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து செய்து, 1974-ல் வெளியிட்டார். இன்று ஜேபெக் படம், டிவி, யூடியூப் என்று எதைத் தொட்டாலும் அந்த வழியில் வந்த கணக்குதான் உள்ளே ஓடுகிறது. இந்த மூன்று பெயர்களும் எங்கள் பாடத்தில் இல்லை. நானாகப் பின்னால் படித்தது.

இந்த ஒரு வகுப்பு எனக்கு இன்றுவரை சோறு போடுகிறது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் வந்த கல்யாண போட்டோவை அனுப்பி "பெருசா பேனர் அடிக்கணும்" என்றால், அதில் கட்டம் கட்டமாகத் தெரிவது ஏன், எந்த மென்பொருளாலும் அதை முழுசாகத் திரும்பக் கொண்டுவர ஏன் முடியாது, அசல் கோப்பை ஏன் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எடிட்டிங் மென்பொருளை நான்கு முறை மாற்றிவிட்டேன். கணக்கு மாறவில்லை.

ஆச்சியின் குரல்

இனி வலிக்கிற பகுதி. ஃபிளாஷ் செத்தாலும் அதன் கோப்புகளை ஓட்டுவதற்கு ரஃபிள் என்று ஒரு இலவச எமுலேட்டரைத் தன்னார்வலர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்டர்நெட் ஆர்கைவ் தன்னிடமுள்ள பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டுவதும் அதைக்கொண்டுதான். என் கோப்பை அதில் போட்டேன். பனைமரம் அசைந்தது. பட்டனை அமுக்கினேன். ஆச்சி பேசினாள்.

கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. 'சுண்ணாம்பு' என்பதன் முதல் எழுத்து 'சு'வா 'ஃபு'வா என்று தெரியவில்லை. சிரிக்கிற இடத்தில் ஏதோ தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் கழித்துக் கேட்கிறேன், முதலில் அழுகைதான் வந்தது. அப்புறம், "இவ்வளவு மோசமாவா ரெக்கார்ட் பண்ணினோம்?" என்ற கேள்வி.

பதிவு மோசமில்லை. ஒலியைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வது இப்படி: மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்ணாக எழுதுகிறது. மனிதக் காதுக்கு அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் ஒலியைச் சரியாகப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். எனவே 40,000க்கு மேல். சிடியில் அது ஏன் 44,100 என்று விசித்திரமான எண்ணாக இருக்கிறது? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். ஐரோப்பிய முறையில் விநாடிக்கு 50 புலங்கள், ஒவ்வொன்றிலும் பயன்படும் 294 வரிகள், வரிக்கு 3 அளவீடு. பெருக்கிப் பாருங்கள், 44,100. அமெரிக்க முறையில் 60, 245, 3. அதுவும் 44,100. இரண்டு ஊருக்கும் பொருந்துகிற எண் அது.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் 16 பிட். ஒற்றைத் தடத்தில் விநாடிக்கு 7,05,600 பிட். இதுதான் அழுத்தாத ஒலி. ஃபிளாஷில் 'பப்ளிஷ் செட்டிங்ஸ்' என்று ஒரு பெட்டி உண்டு. அதில் ஒலிக்கு அவர்களே வைத்திருந்த அமைப்பு: எம்பி3, விநாடிக்கு 16 கிலோபிட், மோனோ. டயல்-அப் இணைப்பில் பட்டன் சத்தம் சீக்கிரம் இறங்க வேண்டும் என்பதற்கான அமைப்பு அது. நான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை. 'பப்ளிஷ்' அமுக்கினால் கோப்பு வரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அமுக்கினேன், வந்தது.

விளைவு: ஆச்சியின் குரல் 44 மடங்கு சுருங்கியது. அந்த அளவுக்குச் சுருக்கும்போது எம்பி3 முதலில் வெட்டுவது உயர்ந்த அதிர்வெண்களை. 'ச', 'ஸ', 'ஷ' ஒலிகளின் அடையாளமே அங்கேதான் இருக்கிறது. பழைய தொலைபேசியில் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது என்பதால் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது 'எஸ்'ஸும் 'எஃப்'பும் குழம்புமே, அதே கதை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 16 கிலோபிட் என்றால் 2 கிலோபைட். 12 நிமிடம் 720 விநாடி. ஆக மொத்தம் 1.44 எம்பி. என் ஆச்சியின் குரலை ஒரு ஃபிளாப்பிக்குள் அடக்கிவிட்டேன்! அழுத்தாமல் அப்படியே வைத்திருந்தால் ஏறக்குறைய 63.5 எம்பி. புராஜக்ட் மொத்தமும் சிடியில் 40 எம்பி கூட இல்லை. 650 எம்பிக்கு மேல் சும்மா கிடந்தது. அசல் டேப்? டிபார்ட்மென்ட்டில் டேப் குறைவு. அடுத்த வாரமே வேறொரு குழு அதன்மேல் பதிவு செய்துவிட்டது. அசல் ஒலி இருந்த ஃபிளாஷ் மூலக் கோப்பு லேப் கம்ப்யூட்டரோடு ஃபார்மட் ஆகிவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

வீடியோ கம்ப்ரெஷன் கணக்கு எனக்குத் தெரியும். ஒலியின் அடிப்படைத் தேற்றத்தைத் தேர்வில் எழுதினேன். ஆனால் அந்தத் தாளில் எழுதியதும் இந்தப் பெட்டியில் இருந்த 16-உம் ஒரே விஷயம் என்று யாரும் இணைத்துக் காட்டவில்லை. தியரி எடுத்தவர் லேபுக்கு வர மாட்டார். லேபில் இருந்தவர் எந்த மெனுவில் எது இருக்கிறது என்று மட்டும் சொல்வார். என் பட்டப்படிப்பின் பெரிய ஓட்டை இதுதான்.

தமிழ் எழுத்தும் தப்பவில்லை

சிடியில் இன்னொரு சேதமும் இருந்தது. தலைப்புகள் எல்லாம் அழகாகத் தமிழில் தெரிந்தன. உள்ளே விளக்கப் பகுதிகள் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை.

காரணம் இது. 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் 'கொ' என்ற எழுத்தைச் சேமிக்கும்போது 'க' முதலில், துணையெழுத்து அப்புறம். காட்டும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த மாற்றி அடுக்கும் வேலையை நாங்கள் வைத்திருந்த ஃபிளாஷ் செய்யாது. எனவே பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்தினோம். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ் வடிவம். பாமினியில் 'தமிழ்' என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகிவிடும்.

தலைப்புகளை ஃபிளாஷ் கோடுகளாகவே கோப்புக்குள் வைத்திருந்தது, அதனால் தப்பின. விளக்கங்களை டெக்ஸ்ட் கோப்பிலிருந்து ஏற்றியிருந்தேன், அதனால் குப்பை. நல்லவேளையாக அவை வெறும் டெக்ஸ்ட்தான். மாற்றி ஒன்றில் போட்டு, அரை மணி நேரத்தில் யூனிகோடாக்கிவிட்டேன். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். இன்றும் போட்டோஷாப்பில் தமிழ் அடித்துக் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்ற வேண்டும் என்பது தெரியாமல் தவிக்கிறவர்கள் நிறையப் பேர். நம் மொழியில் வேலை செய்யப் போகிற மாணவனுக்கு இது முதல் செமஸ்டர் பாடமாக இருக்க வேண்டும். எங்களுக்கு எந்த செமஸ்டரிலும் இல்லை.

கல்லூரியில் என்ன கேட்க வேண்டும்?

இதையெல்லாம் வைத்து அக்கா மகளுக்கு ஒரு பட்டியல் எழுதினேன். உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டால் பயன்படலாம்.

1. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். தாள்களின் பெயர் மென்பொருள்களின் பெயராக இருக்கிறதா, விஷயத்தின் பெயராக இருக்கிறதா? மென்பொருள் பெயர்களே வரிசையாக இருந்தால், அத்தான் சொன்ன மூன்று மாதக் கோர்ஸே மேல்.

2. விளம்பரப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, போன வருட மாணவர்களின் கடைசி புராஜக்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால், அவர்கள் எடுத்து வைக்கவில்லை என்று அர்த்தம். உங்களுடையதும் அப்படித்தான் போகும்.

3. கேமரா எத்தனை, மாணவர் எத்தனை, லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? இதைப் பிரின்ஸிபாலிடம் கேட்காதீர்கள். கேன்டீனில் இரண்டாம் வருட மாணவரிடம் கேளுங்கள்.

4. தியரி எடுப்பவரும் லேப் எடுப்பவரும் ஒருவரா? இல்லையென்றால், இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களா?

5. கிடைக்கப்போவது பல்கலைக்கழகப் பட்டமா, நிறுவனம் தரும் சான்றிதழா? பட்டம் என்றால் நாளைக்கு எதுவும் சரிவராவிட்டாலும் வங்கித் தேர்வு, 'ஏதாவது ஒரு பட்டம்' கேட்கிற அரசுத் தேர்வுகள் எழுதலாம். சில தனியார் பயிற்சி நிலையங்களில் தருவது டிப்ளமோ மட்டுமே. பார்த்துச் சேருங்கள்.

அத்தானின் கேள்விக்கும் பதில் எழுதினேன். மென்பொருளை மூன்று மாதத்தில் கற்கலாம், யூடியூபிலேயே கற்கலாம். ஆனால் நிழலோடு ஒரு தம்ளரை நாற்பது முறை வரைந்து, நாற்பது முறையும் "வெளிச்சம் எங்கேருந்து வருது?" என்று ஒருவர் கேட்டு, நாற்பத்தோராவது முறை கை தானாகச் சரியாகப் போவதற்கு நாள் பிடிக்கும். ஒரு குறும்படத்துக்காக எட்டுப் பேர் சண்டை போட்டு, இரண்டு பேர் விலகி, மிச்சப் பேர் ராத்திரி உட்கார்ந்து முடிப்பதற்கும் நாள் பிடிக்கும். அதற்கு மூன்று வருடம் அதிகமில்லை. ஆனால் அதைத் தராத கல்லூரியில் மூன்று வருடம் என்பது அநியாயம்தான்.

"ஏஐ வந்துடுச்சே மாமா" என்றும் கேட்டிருந்தாள். நானும் வேலையில் பயன்படுத்துகிறேன். கேட்டதும் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது, அன்றைக்கு ஃபிளாஷ் கொடுத்த மாதிரி. கொடுத்ததில் என்ன குறைகிறது என்று பார்க்கத் தெரியாவிட்டால், நான் 16-ஐ ஏற்றுக்கொண்ட மாதிரி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை

பட்டியலோடு ஆச்சியின் குரலையும் பிரித்தெடுத்து அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் இன்னொரு தடவை அழுத்தும் என்பதால் டாக்குமென்டாக அனுப்பினேன். ஆச்சி போனபோது அவளுக்கு நாலு வயது. முகமே நினைவில்லை.

"அம்மாவோட ஆச்சியா இது? சரியாவே கேக்கலையே மாமா. இதைச் சரி பண்ண முடியாதா?"

"கொஞ்சம் இரைச்சலைக் குறைக்கலாம். போனது போனதுதான்."

சேரலாமா வேண்டாமா என்று நான் சொல்லவில்லை. ஒரு வேலை கொடுத்தேன். "உன் ஆச்சியை", அதாவது என் அம்மாவை, "பத்து நிமிஷம் போன்ல பேச வச்சு ரெக்கார்ட் பண்ணு. அந்த ஆப் எந்த ஃபார்மட்ல, எவ்வளவு பிட்ல சேமிக்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. அதைத் தேடுறது உனக்குப் போரடிச்சா இந்தப் படிப்பு வேண்டாம்" என்றேன்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள். "மாமா, முதல்ல எடுத்தது 64 கிலோபிட்தான். செட்டிங்ஸ் உள்ள போய்ப் பாத்தேன், அழுத்தாம சேமிக்க ஒரு ஆப்ஷன் ஒளிஞ்சு கிடந்துச்சு. அதை மாத்திட்டு ஆச்சியை மறுபடி பேச வச்சேன். ஆனா ரெண்டாவது தடவை ஆச்சி கதையையே மாத்திட்டாங்க!"

"ரெண்டையும் அழிக்காம வச்சுக்கோ" என்றேன்.

அத்தான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் மூன்றாவது கேள்வியை மட்டும் தானே நேரில் போய்க் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.